தவிட்டுராயன் சபைக்குக் கொண்டுவந்த நல்ல பெயர்கள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவனுக்கு நாடு எதற்கு, நாக்கு இருந்தால் போதும். அந்த ராஜாவுக்குப் பெயர் கொஞ்சம் நீளம். 'வீரகம்பீர விஜயகேசரி சமரகோலாகல சத்துருசங்கார பூபதி' என்று ஆரம்பிக்கிற கட்டியக்காரன், நடுவில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைச் சொல்வான். ஆஸ்தானப் புலவர் மணிநாவலர் ஆண்டுக்கு ஒரு பட்டமாகச் சேர்த்துச் சேர்த்து அதை அவ்வளவு தூரம் வளர்த்துவிட்டிருந்தார்.

ராஜாவின் வலது மூக்கு மடலில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. அதையும் நாவலர் சும்மா விடவில்லை. ஆற்றங்கரைப் போரில் பகைவன் விட்ட அம்பு ராஜாவின் மூக்கை உரசிக்கொண்டு போனதாகவும், உரசிய வெட்கத்தில் அம்பே முறிந்து விழுந்ததாகவும் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். அந்தப் போர் நடந்தபோது ராஜாவுக்கு வயது ஐந்து. ஆனாலும் பாட்டு கேட்க நன்றாக இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை.

அதே சபையில் விகடகவியாக இருந்தவர் தவிட்டுராயர். ராயர் என்பது சபை கொடுத்த மரியாதை. தவிடு என்பது தாய் வைத்தது. அவர் சொல்வதைக் கேட்டு ராஜா சிரிக்கும்போதெல்லாம் நாவலருக்குப் பொறுக்காது. "மாட்டுத் தொட்டியில் இருக்க வேண்டிய பெயர் மகாராஜா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது" என்று பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில் பெரிய ஏரியின் கரை உடைந்தது. இருபத்தைந்து வீரர்கள் இரண்டு நாள் கழுத்தளவு தண்ணீரில் நின்று அதை அடைத்தார்கள். அவர்களுக்குப் பரிசு தருகிற அன்று அண்டை நாட்டுத் தூதர் ஒருவரும் சபையில் இருந்தார். கட்டியக்காரன் எழுந்து பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டான்.

"மண்ணாங்கட்டி! பிச்சை! குப்பை! மூக்கன்! இன்னொரு பிச்சை!"

தூதர் மேலாடையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. மூக்கன் என்ற பெயர் கேட்டபோது ராஜா சட்டென்று தலையைத் திருப்பினார். எதற்குத் திரும்பினோம் என்று அவருக்கே தெரியவில்லை. தூதர் சிரிப்பதுதான் கண்ணில் பட்டது. முகம் கறுத்துவிட்டது.

நாவலர் விடுவாரா? காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார். மறுநாளே ஆணை வந்தது. இழிந்த பெயர் உடையவர் எவரானாலும் பௌர்ணமி அன்று அரண்மனை முற்றத்துக்கு வந்து, புலவர் தருகிற பெயரை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பழைய பெயரைச் சொல்லி அழைத்தால், அழைத்தவர் தாயே ஆனாலும் பன்னிரண்டு கசையடி.

நாவலர் அன்றைக்கே எழுத்தாணியை எடுத்தார். அரண்மனைக் குதிரைக்காரன் மகனுக்கு முன்னோட்டமாக 'நவரத்தினமகுட சூடாமணி' என்று வைத்துப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் தாய் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் கஞ்சி ஆறிப்போயிற்று; பிள்ளை அது தன்னை இல்லை என்று விளையாடப் போய்விட்டது. ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தது. சிரிக்காதவர்களும் இருந்தார்கள்.

அதில் ஒருத்தி பூவாயி. அரண்மனை நெற்களத்தில் நெல் புடைக்கிறவள். உச்சிவேளையில், கையில் முறத்தோடும் தலையில் உமியோடும் தவிட்டுராயர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பிள்ளை ஒன்று நின்றது. வலது மூக்கில் கடுகளவு தங்கம் மின்னியது.

"என்ன பூவாயி, முறத்தக்கூட வைக்காம ஓடியாந்திருக்கே?"

"எம் புள்ள பேர மாத்தப் போறாங்களாமே சாமி. இந்தக் குப்பைக்கு."

ராயர் குனிந்து அந்தப் பிள்ளையைப் பார்த்தார்.

"நல்ல பேரா வப்பாங்களாம். எனக்கு நல்ல பேரு வேணாம் சாமி. நல்ல பேரு வச்சித்தான் நாலையும் வாரிக் குடுத்தேன். இவன் பொறந்த மூணாம் நாளு குப்பமேட்டுல போட்டுப் பொரட்டி எடுத்தேன். மூக்கக் குத்தினேன். எமன் வந்து எட்டிப் பாத்தா, சீ இது குப்பைன்னு தாண்டிப் போயிரணும். நாலு வருசமா தாண்டிப் போறான். இப்ப பௌர்ணமி அன்னிக்கி மேளம் கொட்டி, இங்க ஒரு ராசகுமாரன் இருக்கான்னு அவனுக்குக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களே!"

அவள் அழவில்லை. முறத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். ராயருக்குத் தன் தாய் ஞாபகம் வந்தது. அவருக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக அவர் பிறந்ததும் தாய் அவரை அண்டை வீட்டுக்காரிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்று, மறுபடி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கினாள். இது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது என்று விதியிடம் பொய் சொன்னாள். அவள் இருந்தவரை 'தவிடு, தவிடு' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவாள். அவள் போய்ப் பன்னிரண்டு வருஷம். இப்போது எல்லோரும் ராயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"நான் பாத்துக்கறேன், போ" என்றார். என்ன பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் சபையில் எழுந்து கும்பிட்டார்.

"பிரபோ, குடிகள் தம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களுக்குக் காரணம் உண்டு."

"காரணம் அறியாமை!" என்றார் நாவலர். "மகாராஜா, நல்ல பெயர் நான்கு தெரிந்திருந்தால், பெற்ற பிள்ளையைக் குப்பை என்று எவளாவது அழைப்பாளா?"

"தெரியாமல் இல்லை, நாவலரே. நல்ல பெயர்கள் அந்த வீடுகளிலும் உண்டு."

ராஜாவுக்குச் சுவாரசியம் வந்துவிட்டது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியானால் கொண்டுவந்து காட்டும், ராயரே. இருபது பெயர்கள். குப்பை, பிச்சை என்று பெயர் வைத்த அதே வீடுகளிலிருந்து."

நாவலர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "வெறும் பெயர் போதாது, மகாராஜா. ராயர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். அந்தந்த வீட்டில் மெய்யாகவே வைத்த பெயராக இருக்க வேண்டும். பெயருக்கு உரியவர்கள் இந்தச் சபைக்கு வந்தாக வேண்டும்."

"சரியான பேச்சு" என்றார் ராஜா. "மூன்று நாள் அவகாசம். கொண்டுவந்தால் ஆணையை ரத்துச் செய்வோம். தவறினால் பௌர்ணமியில் முதலில் மாறுவது உம்முடைய பெயர்."

"ஹாஸ்யரத்தினாகர பூஷணர்" என்றார் நாவலர். அதையும் தயாராக வைத்திருந்தார். சபை கொல்லென்று சிரித்தது.

தவிட்டுராயர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெயருக்கு உரியவர்கள் சபைக்கு வந்தாக வேண்டும் என்ற சொல்லைக் கேட்ட அதே நொடியில் அவருக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. தோன்றிய அதே நொடியில் தன் மேலேயே அவருக்கு வெறுப்பும் வந்தது. யாரைப் போய் எதைக் கேட்பது? ஆனாலும் போனார்.

நெற்களத்தில் பூவாயியோடு ஆறு பெண்கள் புடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் ஒரு பிச்சையோ ஒரு மண்ணாங்கட்டியோ இருந்தது. ராயர் களத்து ஓரமாக உட்கார்ந்து, வேண்டியதைச் சொன்னார். முறங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அந்தப் பேருங்கள நாங்க வாயால சொல்றதில்ல சாமி" என்றாள் பூவாயி. "சொன்னா, இருக்கறதும் அதுங்க பின்னாலயே போயிரும்னு எங்களுக்குப் பயம். எம் புருசங்கூட எங்கிட்ட சொன்னதில்ல. ஒங்களுக்கு இது வெளையாட்டா?"

"இல்ல பூவாயி."

"மண்ண வேற தோண்டச் சொல்றீங்க. ஆத்தோரம் அந்தப் புன்ன மரத்துப் பக்கம்கூட நான் போறதில்ல. சுத்திக்கிட்டு வரேன்."

"தெரியும். நான் கேட்கக் கூடாதுதான். ஆனா கேட்காம இருந்தா, பௌர்ணமிக்கு உன் குப்பை சூடாமணி ஆயிருவான். எனக்கு வேற வழி தெரியல. விகடகவின்னு பேரு. புத்தி அவ்வளவுதான்."

களத்தில் குருவிகள் இறங்கி நெல்லைக் கொத்தின, விரட்ட ஆளில்லை. கடைசியில் பூவாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒரு தடவ சொன்னாப் போதுமா?"

"ஒரே தடவை."

"நான் சொல்றப்ப எம் புள்ள காதுல அது விழக் கூடாது. அத நீங்க பாத்துக்கணும்."

"பார்த்துக்கறேன்" என்றார் ராயர். இந்த முறை என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் சபை நிறைந்திருந்தது. வேடிக்கை பார்க்கத் தூதரும் வந்திருந்தார். தவிட்டுராயர் முன்னால் வர, பின்னால் ஏழு பெண்கள் முந்தானையை முடிந்து மடியில் பிடித்தபடி வந்தார்கள். குப்பை ராயர் தோளில் உட்கார்ந்து வந்தான். தாயை விட்டு இருக்க மாட்டேன் என்று அழுததால் தூக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

நாவலர் தலைகளை எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது.

"மகாராஜா, ஏழு பெண்களும் ஒரு குழந்தையும்தான் நிற்கிறார்கள். இருபது பேர் எங்கே?"

"எல்லோரும் வந்திருக்கிறார்கள், பிரபோ" என்றார் ராயர். "இருபது கேட்டீர்கள், இருபத்திரண்டு பேர். நடக்கிற வயது யாருக்கும் வரவில்லை. அதனால் தாய்மார் தூக்கி வந்திருக்கிறார்கள்."

பிறகு குழந்தையைக் கீழே இறக்கித் தன் முன்னால் நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் அவன் காதுகளை அழுத்தி மூடிக்கொண்டார்.

பூவாயி சிம்மாசனத்துக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே நாலு சின்னத் துணி முடிச்சுகள். ஒன்றைப் பிரித்துக் கீழே வைத்தாள். ஒரு பிடி மண். ஆற்றோரத்து ஈர மண்.

"இது பொன்னழகன், மவராசா" என்றாள். "மூத்தவன். பதினோரு நாளு இருந்தான். என் மாமியாருக்கு அந்தப் பேரு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

இரண்டாவது முடிச்சைப் பிரித்தாள். "இது செண்பகவல்லி. தலைநிறைய முடியோட பொறந்தா. ஆவணியில பொறந்து ஐப்பசியில போனா." மூன்றாவதைப் பிரித்தாள். "இது ராசமாணிக்கம். இவனுக்குத்தான் சிரிக்கத் தெரியும்." நாலாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இதுக்குப் பேரு வச்ச அன்னிக்கே சுரம். வேல்முருகுன்னு காதுல சொன்னோம். ரெண்டாம் தடவ கூப்பிடறதுக்கு அது இல்ல."

மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி பெயரைச் சொல்ல முடியாமல் மண்ணை மட்டும் வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளுக்காகச் சொன்னாள். நாவலர் ஓலையில் எழுதி வைத்திருந்ததைவிட நல்ல பெயர்கள் அவை. சொல்லச் சின்னதாக, கூப்பிட வாகாக இருந்தன. சிம்மாசனத்தின் முன்னால் சின்னச் சின்னதாய் இருபத்திரண்டு குவியல்கள். தூதர் மேலாடையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல பெயர் தெரியாதவர்கள் இல்லை, பிரபோ" என்றார் தவிட்டுராயர். கைகள் இன்னும் குழந்தையின் காதுகளிலேயே இருந்தன. "ஆசையாக வைத்ததையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சின பிள்ளையை ஒளித்துவைக்க ஒரு பெயர் தேடினார்கள். குப்பை என்பது அவனுக்கு வைத்த பெயர் இல்லை. அவன் மேல் போட்ட போர்வை."

நாவலர் எழுத்தாணியை எடுத்து ஓலையில் அந்தப் பெயர்களை எழுதத் தொடங்கினார். மெய்யான வருத்தத்தில்தான் எழுதினார். அவரும் மனிதர்தானே. பூவாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுத வேணாம் சாமி. ஒரு தடவன்னுதான் பேச்சு."

அவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்.

ராஜா எழுந்து படியிறங்கி வந்தார். மண் குவியல்களை மிதிக்காமல் சுற்றி வந்து, குழந்தையின் முன்னால் குனிந்தார். அவன் மூக்கில் இருந்த பொட்டுத் தங்கத்தைப் பார்த்தார்.

"ஆண்பிள்ளைக்கு எதற்கு மூக்குத்தி?"

"முன்னால பொறந்ததுங்க போயிட்டா, அடுத்ததுக்கு மூக்குக் குத்தி விடுவோம் மவராசா" என்றாள் பூவாயி. "சில பேரு அதுக்கு மூக்கன்னே பேரு வச்சிருவாங்க. வளந்தப்புறம் கழட்டிருவோம். தழும்பு மட்டும் நிக்கும்."

ராஜாவின் கை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரல் வலது மூக்கு மடலில் போய் நின்றது. சபையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். நாவலர் பாட்டில் வந்த அம்பு அங்கேயே முறிந்து விழுந்தது.

அவருக்கு ஏழு வயதில் தாய் இறந்தாள். அவள் முகம்கூட மங்கிவிட்டது. ஆனால் ஒரு குரல், குளத்துப் படிக்கட்டில், எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, ஓடி ஒளிகிற பிள்ளையை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். நாற்பது வருஷமாக யாரும் சொல்லாத அந்தப் பெயர் பரிசு கொடுத்த அன்று காதில் விழுந்தபோது ஏன் தலை திரும்பியது என்று இப்போது தெரிந்தது.

"ராயரே" என்றார். அது ராஜாவின் குரலாகவே இல்லை. "எனக்கு முன்னால் எத்தனை பேர்?"

அரண்மனைச் செப்பேட்டில் முடிசூடியவர்கள் பெயர்தான் இருக்கும்.

"தெரியாது, பிரபோ. தங்கள் தாயார் அந்தப் பெயர்களை வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள்."

ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன்களோ, அக்காள்களோ, எத்தனை பேர், என்ன பெயர், எந்த மரத்தடியில் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. பூவாயிக்காவது ஒரு பிடி மண் இருந்தது. அத்தனை பட்டங்களை வைத்திருந்தவருக்கு அதுவும் இல்லை.

ஆணை அன்றே ரத்தானது. ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பெண்களோடு ஆற்றங்கரைக்கு நடந்து போனார். எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டார்கள். நாவலர் செருப்பில்லாமல் கடைசியில் நடந்து வந்தார்.

திரும்பும்போது ராஜா தவிட்டுராயர் பக்கத்தில் வந்தார். குழந்தை அப்போது மறுபடி ராயர் தோளில் ஏறியிருந்தான்.

"ராயரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும், தருகிறோம்."

"பொன் வேண்டாம், பிரபோ. என் தாயார் போன பிறகு என்னை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. தாங்கள் ஒருமுறை ராயரை விட்டுவிட்டுக் கூப்பிட்டால் போதும்."

ராஜா நின்றார். யாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத வாய். ஒருமுறை திறந்து மூடிக்கொண்டது.

"டேய் தவிடு" என்றார்.

"என்னடா மூக்கா?" என்றார் தவிட்டுராயர்.

காவலர் கை வாளுக்குப் போயிற்று. நாவலருக்கு மூச்சே நின்றுவிட்டது. விகடக் கதை என்றால் ராஜா கடைசியில் சிரித்தாக வேண்டும். ராஜா சிரித்தார். ஏழு வயதுப் பிள்ளை படிக்கட்டில் ஒளிந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு அது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. தவிட்டுராயர் தன் மேலாடையை அவரிடம் கொடுத்தார்.

முன்னால் களத்துக்குப் போய்விட்ட பூவாயியின் குரல் கேட்டது. இனி யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதால் தொண்டை வலிக்கக் கூப்பிட்டாள்.

"ஏலே குப்பே! எங்கடா போயிட்டே?"

"இந்தா இருக்கேம்மா!" என்று கத்திக்கொண்டு பிள்ளை தோளிலிருந்து இறங்கி ஓடினான். அவன் தாயிடம் போய்ச் சேரும்வரை ராஜா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.